வைக்கோலுக்குள் பூட்டிய சர்க்கரை

கேள்வி: கரும்பு ஆலைக் கழிவுப்பாகிலிருந்து எத்தனால் சுலபமாகக் கிடைக்கிறதே, வைக்கோலிலிருந்து எடுப்பது மட்டும் ஏன் இவ்வளவு சிரமம்?

பதில்: கழிவுப்பாகில் சர்க்கரை கரைந்தே இருக்கிறது, ஈஸ்ட் சேர்த்தால் புளிக்கத் தொடங்கிவிடும். வைக்கோலிலும் சர்க்கரை உண்டு. ஆனால் அது செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ் என்ற நீண்ட சங்கிலிகளாகப் பின்னி, லிக்னின் பூச்சுக்குள் சுவர்ச் செங்கல்போல இறுகிக் கிடக்கிறது. அந்தப் பூச்சைத் தளர்த்துவதுதான் முன்பதப்படுத்தல்.

முதலில் மண், கல் நீக்கி நறுக்குவார்கள். நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம் என்பதால் வெட்டும் கத்திகள் சீக்கிரம் தேய்ந்துவிடும். பிறகு நீர்த்த அமிலத்தோடு 150 டிகிரி செல்சியஸுக்கு மேல் நீராவியில் வேகவைப்பது ஒரு முறை. பக்குவம் இங்கேதான். வேக்காடு குறைந்தால் நொதிகள் உள்ளே நுழையாது. மிஞ்சினால் சர்க்கரையே சிதைந்து ஃபர்ஃபியூரால் உண்டாகும், அது ஈஸ்ட்டை முடக்கிவிடும். சரியாக வெந்தால் நொதிகள் செல்லுலோஸைக் குளுக்கோஸாக உடைக்கும். மிஞ்சும் லிக்னினைக் கொதிகலனில் எரிக்கலாம்.

ஹரியானாவின் பானிப்பட்டில் 2022 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட இந்தியன் ஆயில் ஆலை, ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து சுமார் 3 கோடி லிட்டர் எத்தனாலை இலக்காகக் கொண்டது. அறுவடை நடக்கும் சில வாரங்களுக்குள் ஆண்டு முழுமைக்கும் வைக்கோல் சேர்க்க வேண்டும். ஈரத்தோடு அடுக்கினால் போர் மக்கிவிடும். என் கணிப்பில், ரசாயனத்தைவிடக் கடினமான வேலை இதுதான். வைக்கோல் கட்டும் இயந்திரம் உழவருக்குக் குறைந்த வாடகையில் கிடைக்க அரசு முதலில் வழி செய்யட்டும்.