கள்ளுக்கடைப் படம் எந்த ஊர்?

பத்திரிகை, பதிப்பகம், ஆவணப்படம் என எங்கே வேலை பார்த்தாலும் இப்படி ஒரு பழைய படம் மேசைக்கு வந்தே தீரும். பின்பக்கம் ‘சித்தூர் கள்ளுக்கடை’ என்று மட்டும் இருக்கும். நாளை அச்சுக்குப் போக வேண்டும். அதை நம்பிப் படக்குறிப்பு எழுதிவிடாதீர்கள்.

முதலில், எந்தச் சித்தூர்? ஆந்திரத்தில் ஒன்று, பாலக்காடு பக்கம் இன்னொன்று. கேரளத்தில் கள்ளுக்குப் பேர்போனது அந்தச் சித்தூர்தான். அங்கே தென்னங்கள் அதிகம். ஆந்திரச் சித்தூர்ப் பக்கம் பனையும் ஈச்சமரமும். பலகை எழுத்து மலையாளமா தெலுங்கா என்று பூதக்கண்ணாடி வைத்தாவது பாருங்கள். தமிழாக இருந்தால் குழப்பம் தீராது, இரண்டு ஊரிலும் தமிழர் உண்டு. ‘சித்தூர் ஜில்லா’ என்றிருந்தாலும் அவசரம் வேண்டாம்: 1960 ஏப்ரலில் தமிழ்நாட்டோடு சேரும்வரை திருத்தணியும் அந்த ஜில்லாதான்.

ஆந்திரம் என்று முடிவானால் பின்னணியில் மலையைத் தேடுங்கள். கடை இடிந்திருக்கும், தெருப் பெயர் மாறியிருக்கும். முன்பு சித்தூர் ஜில்லாவில் இருந்த திருப்பதிக்கு வடக்கே திருமலைத் தொடர் நீளமாக நிற்கிறது: கீழே சரிவு, மேலே செங்குத்தான பாறை விளிம்பு. அடியில் கிரானைட், அதன்மேல் குவார்ட்சைட் படிவு. அதனால் வந்த வடிவம். சித்தூரைச் சுற்றி இருப்பவையோ உருண்டைப் பாறைகள் குவிந்த கரடுகள். திருப்பதி ஊருக்குள் எடுத்த படத்தில் அந்த விளிம்பு தெரிந்தால் கேமரா ஏறத்தாழ வடக்கே பார்த்திருக்கிறது. நிழல் இடப்பக்கம் விழுந்தால் காலை, வலப்பக்கம் என்றால் மாலை. பிறகு படத்தை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். விளிம்பில் ஒரு பிளவையும், அதற்கு முன்னால் தெரியும் ஒரு கோபுரத்தையோ கூரையையோ குறித்துக்கொண்டு கிழக்கும் மேற்குமாக நடந்தால், இரண்டும் படத்தில் உள்ளபடி பொருந்தும் தெரு சிக்கிவிடும். மற்ற எந்தச் சான்றையும்விட இதையே நான் நம்புவேன்.

காலத்தைச் சுருக்கச் சட்டம் உதவும். 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு அடுத்த ஆண்டே சித்தூருக்கு வந்தது. ஆந்திரத்தில் சாராயக்கடைகள் 1993இல் மூடப்பட்டன. 1995இல் வந்த மதுவிலக்கு 1997இல் தளர்ந்தது. பலகையில் 517501 என்ற அஞ்சல் எண் இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது. வண்டி எண் ‘ஏபி 03’ என்று தொடங்கினால் 1989க்குப் பிந்தையது.

உள்ளூர்ப் பெரியவர்களிடம் கேட்கும்போது “இது திருப்பதிதானே?” என்று கேட்காதீர்கள், மரியாதைக்காக ஆமாம் என்றுவிடுவார்கள். படத்தைக் கையில் கொடுத்து, “ஐயா, இது எந்த இடம்?” என்று மட்டும் கேளுங்கள். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்களும் கலால் துறை ஊழியர்களும் நல்ல சாட்சிகள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லாதீர்கள்.

படக்குறிப்பில் ‘உறுதி’, ‘பெரும்பாலும்’ என்ற வேறுபாடு இருக்கட்டும். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்பதைக் கோப்பில் எழுதி வையுங்கள். அடுத்து வருபவருக்கு அதுதான் கைகொடுக்கும்.

கடைசியாக ஒன்று. கள்ளுக்கடை வாசலில் உட்கார்ந்திருப்பவரின் பேரப்பிள்ளைகள் அதே தெருவில் வாழலாம். தெருப் பெயரை அச்சிடுவதற்கு முன் முகம் தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் ஊர்ப் பெயரோடு நிறுத்தச் சொல்லி ஆசிரியரிடம் வாதாடுங்கள்.