குதிரைக்குத் திருகுக் கால்கள்

வீணையிலும் வயலினிலும் தந்திகளைத் தாங்கி நிற்கும் கட்டையைக் குதிரை என்கிறோம். ஆங்கிலத்தில் அதற்குப் பிரிட்ஜ் என்று பெயர். இரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற எனக்குப் பிரிட்ஜ் என்றால் ஆற்றுப் பாலம்தான். என் பேத்தி டபுள் பாஸ் கற்கத் தொடங்கிய பிறகு, இந்தக் குதிரையும் பாலத்தைப் போலச் சுமை தாங்கும் அமைப்பே என்று கண்டேன். மேற்கத்திய இசை பயிலும் பிள்ளைகள் மும்பையில் நம் வீடுகளிலும் உண்டு. அவர்களுக்கும் பெற்றோருக்கும் பயன்படட்டும் என்று நான் அறிந்ததை எழுதுகிறேன்.

வாத்தியமும் சுமையும்

என்.சி.பி.ஏ.வில் 2006இல் தொடங்கப்பட்ட சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியாவின் நிகழ்ச்சிக்குச் சென்றவர்கள், ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பாஸைப் பார்த்திருப்பார்கள். வழக்கமாக அதில் நான்கு தந்திகள்: ஈ, ஏ, டி, ஜி. மிகத் தடித்த ஈ தந்தி விநாடிக்குச் சுமார் 41 முறை அதிரும். பெரும்பாலோர் வாசிக்கும் ‘முக்கால்’ அளவு வாத்தியத்தில், கழுத்தின் உச்சியில் தந்திகள் படியும் சிறு கட்டையிலிருந்து குதிரை வரை ஏறக்குறைய 105 செ.மீ. நீளம்.

எஃகுத் தந்தி ஒவ்வொன்றும் சுமார் 30 கிலோ விசையுடன் இழுக்கிறது. நான்கும் சேர்ந்தால் 120 கிலோ. குதிரையின் இருபுறமும் தந்தி 15 டிகிரி சரிவதாக வைத்துக் கணக்கிட்டால், குதிரையின் மேல் விழும் பாரம் 62 கிலோ. ஓர் ஆள் ஏறி நிற்பதற்குச் சமம்.

விரல் பலகைக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளிதான் வாசிப்பவரின் கையைத் தீர்மானிப்பது. அது கூடினால் விரல் அதிகமாக அழுத்த வேண்டும். அழுத்தும்போது தந்தி இழுபட்டுச் சுருதியும் ஏறும். குறைந்தால் தந்தி பலகையில் அடித்து ‘கொரகொர’ என்று ஒலிக்கும். வில்லால் வாசிப்போர் பலர், பலகையின் கீழ் முனையில் ஜி தந்திக்கு 5 முதல் 7 மி.மீ., ஈ தந்திக்கு 8 முதல் 11 மி.மீ. வரை வைத்துக்கொள்கிறார்கள். விரலால் மீட்டும் ஜாஸ் கலைஞர்கள் இன்னும் தாழ்வாக வைப்பதுண்டு.

மழையும் மரமும்

இந்த இடைவெளி ஆண்டு முழுதும் ஒரே அளவாக நிற்பதில்லை. மழைக்காலத்தில் மரம் ஈரத்தை வாங்கி உப்புகிறது. வாத்தியத்தின் மேல் பலகை மேலெழும்ப, அதன்மேல் நிற்கும் குதிரையும் உயர்கிறது. வறண்ட மாதங்களில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது.

இரண்டாம் ஆண்டு ஜூலையில் என் பேத்திக்கு இடது கை வலி வந்தது. “எனக்கு இதற்கான பலம் இல்லை தாத்தா, விட்டுவிடுகிறேன்” என்றாள். எஃகு அளவுகோலை வைத்துப் பார்த்தோம். பிப்ரவரியில் ஆசிரியர் 6 மி.மீ. என்று குறித்திருந்த ஜி தந்தி 8 மி.மீ.க்கு ஏறியிருந்தது. பழைய அளவுக்கு இறக்கிய சில நாட்களில் வலி குறைந்தது. இன்றும் வாசிக்கிறாள்.

திருகு செய்யும் வேலை

அவள் வாத்தியத்தில் திருகுக் குதிரை இருந்ததால் அது எளிதாயிற்று. குதிரையின் இரு கால்களையும் குறுக்கே அறுத்து, நடுவே புரி வெட்டிய தண்டும் பல் சக்கரம் போன்ற ஒரு வட்டும் பொருத்தியிருப்பார்கள். வட்டைச் சுற்றினால் கால் நீளும் அல்லது குறையும். இரயில் பெட்டியைத் தூக்கும் ஸ்க்ரூ ஜாக்கின் தத்துவம்தான். வட்டுகள் அலுமினியத்திலும் பித்தளையிலும் கடின மரத்திலும் கிடைக்கின்றன. உலோகத்தின் எடை ஒலியைச் சற்று மழுக்கும் என்பதால் மரத்தையே விரும்புவோரும் உண்டு.

பள்ளியில் திருகு அளவியில் படித்த புரியிடைத் தூரம் இங்கே உதவும். அது 1 மி.மீ. என்றால் ஒரு முழுச் சுற்றுக்குக் குதிரை 1 மி.மீ. நகரும். ஆனால் விரல் பலகையின் முனை, உச்சிக் கட்டையிலிருந்து சுமார் 85 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. ஆகவே அங்கே தந்தி 105இல் 85 பங்கு, அதாவது 0.8 மி.மீ. மட்டுமே நகரும். முனையில் 2 மி.மீ. இறக்கக் குதிரையில் இரண்டரைச் சுற்று தேவைப்பட்டது இதனால்தான்.

செய்முறை

1. பலகை முனையில் நான்கு தந்திகளின் இடைவெளியையும் அளந்து தேதியுடன் எழுதுங்கள்.

2. நான்கு தந்திகளையும் ஓரிரு சுரம் இறக்கிப் பாரத்தைக் குறையுங்கள். முழுவதும் தளர்த்தக் கூடாது. உள்ளே சவுண்ட் போஸ்ட் என்னும் சிறு மரத்தூண் பசையின்றி, அழுத்தத்தால் மட்டுமே நிற்கிறது. பாரம் போனால் விழுந்துவிடும்.

3. வட்டுகளில் பென்சிலால் குறியிட்டு, இரு கால்களையும் மாற்றி மாற்றிக் கால் சுற்றாகத் திருப்புங்கள். எந்தத் திசை உயர்த்தும் என்பதை முதல் சுற்றிலேயே அளந்து அறியலாம்.

4. இரு கால்களும் ஒரே அளவு நகர வேண்டும். தண்டவாளம் இரண்டையும் சமமாகத் தூக்குவது போல. ஒன்று மட்டும் உயர்ந்தால் குதிரை சாய்ந்து, தண்டு இறுகிக்கொள்ளும்.

5. மீண்டும் சுருதி ஏற்றும்போது குதிரையின் தலை விரல் பலகைப் பக்கம் சாயும். வால்பக்க முகம் செங்குத்தாக நிற்கிறதா என்று பாருங்கள்.

6. மறுநாள் மீண்டும் அளவு எடுங்கள்.

வட்டு எளிதில் சுற்றாவிட்டால் குறடு வைத்து முறுக்காதீர்கள். பாரத்தை இன்னும் சற்றுக் குறைத்துப் பாருங்கள். தண்டின் புரி வெளியே அதிகம் தெரியும்வரை உயர்த்தவும் கூடாது.

திருகால் தீராதவை

உச்சிக் கட்டையின் பள்ளங்கள் மேடாக இருப்பது, விரல் பலகை வளைந்திருப்பது, மூட்டுகளில் பசை விட்டிருப்பது ஆகியவற்றைத் திருகு சரி செய்யாது. சாதாரணக் குதிரையைத் திருகுக் குதிரையாக மாற்றுவதும் வீட்டு வேலையன்று. துளைகள் இரண்டும் இம்மி பிசகாமல் இணையாக அமைய வேண்டும். இவற்றுக்குத் தேர்ந்த வாத்தியத் தச்சரிடம் செல்ல வேண்டும்.

குழந்தை கை வலிக்கிறது என்றால் உடனே சோம்பல் என்றோ பலவீனம் என்றோ முடிவு கட்ட வேண்டாம். உட்காரும் முறையையும் கை வைக்கும் முறையையும் ஆசிரியர் பார்க்கட்டும். தந்தியின் உயரத்தை நீங்கள் அளந்து பாருங்கள். மழை தொடங்கும்போது ஒரு முறை, குளிர்காலத்தில் ஒரு முறை அளந்தால் போதும். வலி அதன் பிறகும் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.