மூணாவது சிலிண்டர் ஏன் வெந்தது?

ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர்ல ஃபின் கணக்கு போட்டிருப்பீங்க. ஃபின் எதுக்குன்னு கேட்டா, "பரப்பளவு கூடும், வெப்பம் வேகமா வெளியேறும்"னு ரெண்டு மார்க் பதில் எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவோம். அந்த ரெண்டு மார்க் பதிலை நம்பியே 2003 வரைக்கும் ஒரு கார் தயாரானது. அதுதான் ஃபோக்ஸ்வாகன் பீட்டில்.

முதல்ல, ஏன் காற்று? 1930-களின் ஜெர்மனியில் குளிர்காலத்தில் ரேடியேட்டர் தண்ணீர் உறைந்தால் இன்ஜினே விரிசல் விட்டுவிடும். தண்ணீரே இல்லைன்னா உறைய என்ன இருக்கு? ஃபெர்டினாண்ட் போர்ஷே குழு அப்படித்தான் யோசித்தது. சிலிண்டர்கள் இரண்டிரண்டாக எதிரெதிரே படுத்திருக்கும், சுற்றிலும் ஃபின்.

ஆனா காற்று லேசுப்பட்ட ஆள் இல்லை. ஒரே கன அளவு எடுத்துக்கிட்டா, தண்ணீர் காற்றைவிட சுமார் 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கும். அதனால பெரிய ஃபேன் வேணும். ஃபேனும் ஜெனரேட்டரும் ஒரே ஷாஃப்ட்ல, ஒரே பெல்ட்ல சுற்றும். பெல்ட் அறுந்தா ஜெனரேட்டரின் சிவப்பு விளக்கு எரியும். டெம்பரேச்சர் மீட்டர் கிடையாது. அந்த விளக்குதான் எச்சரிக்கை. பார்த்ததும் வண்டியை ஓரங்கட்டணும்.

1938-இல் 985 சிசி. பிறகு 1131, 1954-இல் 1192, கடைசியில் 1584 சிசி. இதே குடும்பத்து இன்ஜின் 1950-இல் டிரான்ஸ்போர்ட்டர் வேனுக்கும், 1955-இல் கார்மன் கியாவுக்கும் போனது. 1961-இல் வந்த டைப் 3-இல் ஃபேனை கிராங்க்ஷாஃப்ட் முனைக்கு மாற்றி, இன்ஜின் உயரத்தைக் குறைத்து, அதன் மேலேயே சாமான் வைக்க இடம் பண்ணினார்கள்.

இப்போ விஷயத்துக்கு வருவோம். பீட்டிலில் ஆயில் கூலர், ஃபேன் காற்று போகும் பாதையிலேயே மூணாவது சிலிண்டருக்கு மேலே நின்றது. ஆயிலைக் குளிரவைத்துச் சூடான காற்றுதான் அந்த சிலிண்டருக்குக் கிடைத்தது. மற்ற மூணும் நல்லா இருக்க, இதன் எக்ஸாஸ்ட் வால்வு மட்டும் சீக்கிரம் போகும்னு மெக்கானிக்குகள் மத்தியில் பேர் வாங்கிடுச்சு. 1971 மாடலில்தான் கூலரைத் தனிக் கூட்டுக்கு நகர்த்தி, அதன் சூடான காற்றைத் தனி வழியில் வெளியேற்றினார்கள், ஃபேனையும் அகலமாக்கினார்கள்.

புகை, சத்தம் பற்றிய விதிகள் இறுகியதும் காற்றுக் குளிர்ப்பு பின்வாங்கியது. 2003 ஜூலையில் மெக்சிகோவின் புயெப்லாவில் கடைசி பீட்டில் வெளிவந்தது. மொத்தம் 2,15,29,464 கார்கள்.

இது பழைய கதைன்னு நினைக்காதீங்க. உங்க ப்ராஜெக்ட்டுக்கு ஃபேன் வச்சு பேட்டரி பேக் செய்றீங்களா? வரிசையில் கடைசி செல்லுக்கு, முன்னாடி இருக்கிற செல்கள் சூடாக்கின காற்றுதான் வரும். சராசரி வெப்பநிலை சரியாத்தான் காட்டும். ஒரு செல் மட்டும் வெந்துக்கிட்டிருக்கும். ரிவ்யூவுக்குப் போறதுக்கு முன்னாடி அந்தக் கடைசி செல்லில் ஒரு தெர்மோகப்பிள் ஒட்டிப் பாருங்க.