மழைக்கும் காற்றுக்கும் முன்னால் வீட்டை ஒழுங்கு செய்தல்



பினாங்கில் புயல் அடிப்பதில்லை என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அது வெறும் பேச்சன்று. பூமத்திய ரேகைக்கு அருகில் காற்று சுழன்று புயலாவது அரிது. மேற்கே சுமத்திரா தீவும் மதில் போல நிற்கிறது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்ததையும், 2018 நவம்பரில் நாகப்பட்டினம் பக்கம் அடித்த கஜாவையும் போன்றவை நாம் ஊர்க் கடிதத்திலும் தொலைபேசியிலும் கேட்டு வருந்துபவையாகவே இருந்தன.

ஆனால் அரிது என்பது வேறு, இல்லை என்பது வேறு. 2001 டிசம்பரில் வாமெய் என்ற புயல் ஜொகூரில் கரையேறிற்று. 2025 நவம்பரில் சென்யார் புயல் நமது மலாக்கா நீரிணையிலேயே உருவாகி, சுமத்திராவில் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதுவும் போகட்டும். நமக்குப் புயல் என்று பெயரிட்ட ஒன்று வரவேண்டியதே இல்லை. 2017 நவம்பர் 4ந் தேதி தொடங்கி மறுநாளும் பெய்த மழையும் காற்றும் பினாங்கில் ஏழு பேரைப் பலிகொண்டன. மரங்கள் சாய்ந்தன, ஆயிரக்கணக்கானோர் நிவாரண நிலையங்களுக்குப் போனார்கள், நடு இரவில் ராணுவத்தின் உதவியைக் கேட்கவேண்டி வந்தது. கடலில் நீர் ஏறியிருந்ததால் வடிகால் தண்ணீர் இறங்க வழியில்லை. கடலுக்கும் பிறை ஆற்றுக்கும் நடுவே தாழ்ந்த தரையில் இருக்கும் மாக் மண்டினுக்கு இந்தச் சங்கதி முக்கியம். மழை எவ்வளவு என்று மட்டும் பார்க்காமல், அன்று கடல் எத்தனை மணிக்கு ஏறுகிறது என்றும் பார்க்கவேண்டும்.

அந்த இரவு நான் செய்த பிழையைச் சொல்கிறேன். கடை வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றபோது, மனைவியையும் நடக்கமுடியாத உம்மாவையும் வீட்டில் விட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். அரிசி மூட்டைகளை மேசைமேல் ஏற்றிக்கொண்டிருந்தேன். திரும்பலாம் என்று பார்த்தபோது சாலை போய்விட்டது, மின்சாரமும் போய்விட்டது. சுபுஹுக்குப் பிறகுதான் வீடு சேர்ந்தேன். பக்கத்து வீட்டு மலாய்க்காரச் சகோதரரும் அவர் மகனும் உம்மாவை நாற்காலியோடு தூக்கித் தங்கள் மாடியில் வைத்திருந்தார்கள். நான் காப்பாற்றியது ஒன்பது மூட்டை. புறப்படும்போது மனைவி கேட்டதற்கு, “அல்லாஹ் பார்த்துக்கொள்வான்” என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். அது தவக்குல் அல்ல, என் சோம்பலுக்கு நான் போட்டுக்கொண்ட போர்வை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வை நம்பச் சொன்ன ஹதீஸை மதரஸாவில் ஓதியவன்தான் நானும்.

மார்க்கம் இந்த விஷயத்தில் நம்மைவிட நிதானமாக இருக்கிறது. மழை கொட்டிய ஒரு ஜும்ஆ நாளில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், தொழுகைக்கு வரும்படி அழைக்கும் வாசகத்துக்குப் பதிலாக, வீட்டிலேயே தொழுதுகொள்ளும்படி அறிவிக்கப் பாங்கு சொல்பவரிடம் கட்டளையிட்டார்கள். கூடியிருந்தவர்கள் இதை விநோதமாகப் பார்த்தபோது, தம்மைவிட மேலானவரான நபி (ஸல்) அவர்களே அப்படிச் செய்ததாகச் சொன்னார்கள். ஷாபிஈ மத்ஹபில் மழைக்காக மஃரிபோடு இஷாவையும் முன்கூட்டி ஜமாஅத்தில் சேர்த்துத் தொழ நிபந்தனைகளோடு இடமுண்டு. ஹனஃபிகளுக்கு அந்தச் சலுகை இல்லை. அவர்கள் வீட்டில் நேரத்துக்குத் தொழலாம். ஆகவே முழங்கால் தண்ணீரில் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பள்ளிக்கு வருவதை ஈமானின் அடையாளமாக எண்ணவேண்டாம். ஓடுகிற தண்ணீர் அரை அடி இருந்தாலே ஆளைத் தடுமாறச் செய்யும், ஒரு அடி சின்ன வண்டியை மிதக்கவைக்கும். மூடி போன சாக்கடை கண்ணுக்கும் தெரியாது.

இனி வீட்டு வேலை. நம் பக்கத்தில் செப்டம்பர் முதல் நவம்பர் வரைதான் மழை கனமாக இருக்கும். சித்திரை வைகாசியிலும் நல்ல மழை உண்டு. விடியற்காலையில் திடீரென்று அடிக்கும் சுமத்திராக் காற்று வேறு இருக்கிறது. அது வந்தால் தகரம் பறக்கும். ஆகவே ஆகஸ்டிலேயே கூரைத் தகரத்தின் ஆணிகளைப் பார்த்துவிடுங்கள். வீட்டு முன் சாக்கடையில் கிடக்கும் பிளாஸ்டிக் பைகளை எடுங்கள். நகராண்மைக் கழகம் வரட்டும் என்று காத்திருப்பவர்களின் வீட்டில்தான் முதலில் தண்ணீர் ஏறுகிறது. அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், வீட்டுப் பத்திரம், பாஸ்போர்ட், நிக்காஹ் பத்திரம் இவற்றை ஒரே உறையில் போட்டு, தண்ணீர் புகாத பையில் கட்டி அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். குர்ஆனும் அங்கேயே இருக்கட்டும். இனிப்பு நீர், இரத்த அழுத்தம் உள்ளவர்களின் மாத்திரை ஒரு வாரத்துக்கு எப்போதும் கையில் இருக்கவேண்டும். டார்ச், பாட்டரி, குடிதண்ணீர், அவல், பேரீச்சம்பழம், பிஸ்கோத்து. இதற்கு மேல் ஒரு பட்டியல் வேண்டாம்.

வானிலை இலாகா தொடர்மழைக்கு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலை எச்சரிக்கை விடுகிறது. சிவப்பு வரும்வரை பொறுக்காதீர்கள். முதியோரையும் கைக்குழந்தைகளையும் செம்மஞ்சளிலேயே உயரமான இடத்துக்கு அனுப்புங்கள். எங்கே, யார் தூக்குவது என்பதை வெயில் காலத்திலேயே பேசி முடிவு செய்யுங்கள். தண்ணீர் வாசல்படியைத் தொடும்முன், தரையும் கையும் காய்ந்திருக்கும்போதே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, காஸ் தோம்பின் வால்வையும் மூடுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு சுவிட்சைத் தொடவே கூடாது. ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ ஐந்தடி வழியிலோ ஓட்டாதீர்கள். அதன் புகைக்கு மணமில்லாத ஒரு நஞ்சு உண்டு, தூங்குபவர்கள் எழமாட்டார்கள். ஆபத்தென்றால் 999. அறுந்த மின்கம்பியைக் கண்டால் மின்சார வாரியத்துக்கு 15454.

தண்ணீர் வடிந்தபின் சேற்றில் வெறுங்காலோடு இறங்காதீர்கள், எலி மூத்திரத்தால் வரும் காய்ச்சல் அதில்தான் தொற்றுகிறது. சில நாளில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்டால் கிளினிக்கில் வெள்ளத்தில் இறங்கியதைச் சொல்லவேண்டும். நனைந்த அரிசியையும் மாவையும் காயவைத்து விற்பதற்கு எந்த வியாபாரிக்கும் அனுமதியில்லை, அடியேன் உட்பட.

நடக்கமுடியாதவர்கள் இருக்கும் வீடுகளின் விவரத்தை நம் வட்டாரத்தில் எழுதி வருகிறோம். உங்கள் தெருவில் யாராவது விடுபட்டிருந்தால் இஷாவுக்குப் பின் கடையில் சொல்லிவிட்டுப் போங்கள்.