கம்பெனி உடற்பயிற்சி பாதியில் நிற்காமல் இருக்க...

ஐயங்கார்குளம் சுற்றுவட்டாரத்தில் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கு ஷிப்ட் போகிறவர்களும் உண்டு, தறியில் உட்காருகிறவர்களும் உண்டு. வேலையிடத்தில் உடற்பயிற்சியைத் தொடங்குவது சுலபம், தொடர்வதுதான் பெரும்பாடு. சூப்பர்வைசர்களுக்கும் தறிக்கூட உரிமையாளர்களுக்கும் சில யோசனைகள்:

* பயிற்சியை வேலை நேரத்துக்குள்ளேயே வையுங்கள். ஷிப்ட் முடிந்தபின் வைத்தால், எல்லார் கண்ணும் கம்பெனி பஸ் மேல்தான் இருக்கும்.

* சிறிதாகத் தொடங்குங்கள். ஆயுஷ் அமைச்சகம் வேலையிடத்துக்கென்றே வகுத்த ‘ஒய்-பிரேக்’ யோகாவுக்கு 5 நிமிடம் போதும்.

* உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான பயிற்சி. ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. பத்துப் பத்து நிமிடமாகவும் பிரிக்கலாம்.

* குழித்தறி நெய்பவர்கள் சில ஊடைநூல் தார் தீர்ந்ததும் எழுந்து, தோளைச் சுழற்றி, இடுப்பை நிமிர்த்தி, நாலடி நடந்துவிட்டு உட்காரட்டும்.

* இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்துவிடுங்கள். ஒருவர் சோம்பினால் மற்றவர் கூப்பிடுவார்.

* புடவையோடும் சீருடையோடும் செய்யக்கூடிய அசைவுகளையே தேர்ந்தெடுங்கள். பெண்கள் கேட்டால் தனி இடம் ஒதுக்குங்கள்.

* யாருடைய எடையையும் எல்லார் முன்னும் சொல்லாதீர்கள். மறுநாள் அவர் வரமாட்டார்.

* சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுவலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டபின் தொடங்கட்டும். 2024-ல் தொடங்கிய ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வேலையிடத்திலேயே பரிசோதனை செய்கிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

* விடுமுறை நாளில் பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க, ஐயங்கார்குளம் சஞ்சீவிராயர் கோயில் குளக்கரைப் பக்கம் குடும்பத்தோடு காலை நடை போகலாம்.