கிராஜுவேட் லேத் வாங்கிய தம்பிக்கு



மூடப்பட்ட பள்ளியொன்றின் மரவேலைக் கூடத்திலிருந்து ஹாரிசன் கிராஜுவேட் லேத் ஒன்றை வாங்கிவிட்டதாகவும், அடுத்த வாரம் அது உன் வீட்டு கராஜுக்கு வருவதாகவும் எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். வந்ததும் முதல் வேலையாகப் பழைய பெயின்டை உரித்து, புத்தம் புதுசாக்கிவிட்டுத்தான் மற்றதெல்லாம் என்றும் எழுதியிருந்தாய். அந்த ஒரு வரியைப் படித்த பிறகுதான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுத உட்கார்ந்தேன். பழைய லேத்தை வீட்டுக்குக் கொண்டுவரும் இளைஞர்கள் இப்போது நிறையப் பேர். அவர்களுக்கும் உதவட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

பெயின்டைக் கடைசியில் வைத்துக்கொள். அடிக்காமலே விட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது. ஸ்பிண்டில், அதைத் தாங்கும் பேரிங்குகள், பெட்டின் மேல்முகம், அதன்மேல் உட்காரும் அடிமுகங்கள், இரண்டு பக்கத்து மோர்ஸ் டேப்பர் துளைகள்: ஒரு லேத்தின் மதிப்பு முழுக்க இந்த நான்கைந்து இடங்களில்தான் இருக்கிறது. இவை ஒழுங்காக இருந்தால் துருப்பிடித்த லேத்திலும் அருமையாகக் கடையலாம். இவற்றில் ஒன்றை ஆர்வக் கோளாறில் கிரைண்டர் வைத்துத் தேய்த்துவிட்டால், அதை மறுபடி பிடிக்கப் பெரிய மெஷின் ஷாப்புக்குத்தான் போகவேண்டும். லேத்தின் விலையைவிட அந்தச் செலவு அதிகம்.

யார்க்‌ஷரில் ஹெக்மண்ட்வைக் என்ற ஊரில் இருந்த டி. எஸ். ஹாரிசன் கம்பெனி உலோக லேத்துகளுக்குப் பேர்போனது. அவர்கள் மரக் கடைசலுக்காகச் செய்த கிராஜுவேட், பிரிட்டனின் பள்ளிகளிலும் தொழிற்கல்லூரிகளிலும் பரவலாக இருந்தது. 1988ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தச் சட்டத்தை ஒட்டித் தேசியப் பாடத்திட்டம் வந்தபோது மரவேலை ‘டிசைன் அண்ட் டெக்னாலஜி’ என்ற பெரிய பாடத்துக்குள் கரைந்தது. கூடங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. இப்படிப்பட்ட லேத் நம் கைக்கு எட்டும் விலைக்குக் கிடைப்பது அதனால்தான். எனக்கு அதில் வருத்தம் உண்டு. பதின்மூன்று வயதுப் பையன் உளியைப் பிடித்து மரத்தைக் கடைந்து பார்க்கும் வாய்ப்பு போய்விட்டது. ஆனாலும் பள்ளி லேத்தில் உனக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது: தொழிற்சாலை லேத் போல அது நாள் முழுக்க ஓடியிருக்காது. உள்ளே தேய்மானம் குறைவாகவும் வெளியே அடிபட்ட வடு அதிகமாகவும் இருப்பதுதான் வழக்கம். டூல்ரெஸ்ட்டின் மேல்விளிம்பை விரலால் தடவிப் பார். பசங்கள் உளியைத் தட்டித் தட்டி உண்டாக்கிய பள்ளங்கள் வரிசையாகத் தட்டுப்படும். உளி அந்தப் பள்ளங்களில் சிக்கிச் சிக்கி நகர்வதால் வெட்டும் திக்கித் திக்கித்தான் வரும். நீ தைரியமாக அரம் போடவேண்டிய ஒரே இடம் அதுதான். நீள வாக்கில் அரத்தை இழுத்துச் சமப்படுத்து.

இறக்கும் நாளுக்கு ஆள் பலத்தை நம்பாதே. என்ஜின் கிரேன் ஒன்றை நாள் வாடகைக்கு எடு. எடையில் பெரும்பங்கு ஹெட்ஸ்டாக் பக்கமே, அதுவும் உயரத்தில் இருப்பதால், கொஞ்சம் சாய்ந்தாலும் மெஷின் சரிந்துவிடும். சரிகிற இரும்பை யாராலும் தாங்க முடியாது. தாங்கப் போகவும் கூடாது. டெயில்ஸ்டாக்கையும் டூல்ரெஸ்ட் பாஞ்சோவையும் முன்கூட்டியே கழற்றிவிடு. பட்டையை வார்ப்புக்கு அடியில் கொடு. ஸ்பிண்டிலில் மட்டும் மாட்டாதே. தரையில் நகர்த்த நாலு இரும்புக் குழாயும் ஒரு கடப்பாரையும் போதும். எதைக் கழற்றினாலும் கழற்றும் முன் போட்டோ எடு. இரண்டு வார்ப்புகளுக்கு நடுவே மெல்லிய தகடு ஏதாவது இருந்தால், அது எந்த மூலையில் இருந்தது என்று எழுதி அங்கேயே ஒட்டிவை. குப்பை என்று தூக்கிப் போட்டால் ஹெட்ஸ்டாக்கின் நேர்கோடு போய்விடும்.

நட்டு போல்ட்டு கழற்ற உன்னிடம் இருக்கும் மெட்ரிக் ஸ்பேனர் பொருந்தாது. அந்தக் காலத்து ஆங்கில மெஷின்களில் விட்வொர்த் அளவு சகஜம். ஜோசப் விட்வொர்த் 1841இல் வகுத்த அந்த முறையில் ஸ்பேனரில் அரை அங்குலம் என்று போட்டிருந்தால் அது போல்ட்டின் விட்டம், ஸ்பேனர் வாயின் அகலம் அல்ல. பழைய சாமான் சந்தையில் ஒரு செட் வாங்கிவிடு. ஏறக்குறையப் பொருந்தும் ஸ்பேனரைப் போட்டு நட்டின் முனைகளை மழுக்கிவிட்டால், பிறகு உளி வைத்து வெட்டித்தான் எடுக்கவேண்டும்.

தரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் அவசரப்படுவது இங்கேதான். இவ்வளவு கனமான இரும்பு வளையாது என்று நினைக்கிறோம். வளையும். தரை மேடு பள்ளமாக இருந்து நீ நாலு போல்ட்டையும் இறுக்கினால், தரைக்கு ஏற்றபடி பெட் முறுக்கிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் டெயில்ஸ்டாக்கை நகர்த்த நகர்த்த மையம் விலகிப் போகும். மீட்டருக்கு 0.02 மில்லிமீட்டர் வரை காட்டும் மெஷினிஸ்ட் லெவல் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கு. பெட்டின் குறுக்கே, ஹெட்ஸ்டாக் ஓரமாக வைத்துக் குமிழி எங்கே நிற்கிறது என்று பார். அதை அப்படியே திருப்பாமல் தூக்கி, மறுமுனையில் வை. இரண்டு இடத்திலும் குமிழி ஒரே கோட்டில் நிற்கவேண்டும். பெட் முழுமட்டமாக இருக்கவேண்டும் என்பதில்லை. இரண்டு முனையும் ஒரே மாதிரி சாய்ந்திருந்தால் பாதகமில்லை, முறுக்கு மட்டும் இருக்கக்கூடாது. காலுக்கடியில் பித்தளைத் தகடு அல்லது இரும்புத் தகடு கொடு. மர ஆப்பு வேண்டாம். ஈரத்துக்கு ஏற்றபடி அது உப்பும், சுருங்கும். போல்ட்டை இறுக்கும்போது குமிழியிலிருந்து கண்ணை எடுக்காதே. கால் சுற்றுக்குக் குமிழி நகர்ந்தால், அந்தக் காலடியில் இடைவெளி இருக்கிறது, தகடு போதவில்லை என்று அர்த்தம். எல்லாம் முடிந்த பிறகு இரண்டு பக்கமும் கூர்மையான சென்டர் போட்டு, டெயில்ஸ்டாக்கை நெருக்கி, முனையும் முனையும் சந்திக்கின்றனவா என்று மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பார்.

கராஜில் கான்கிரீட் தரை என்றால் ஆங்கர் போல்ட் போட்டு இறுக்கிவிடு. மரப்பலகைத் தரை என்றால் இந்த லேத்தை அங்கே வைக்காதே என்றுதான் சொல்வேன்.

அடுத்தது ஸ்பிண்டில். பேரிங் மாற்றுவதை ஒரு சடங்கு போலச் செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முதலில் பெல்ட்டைத் தளர்த்திவிட்டு ஸ்பிண்டிலைக் கையால் சுற்று. கரகரப்பு தெரிகிறதா? டயல் கேஜின் முனையை ஸ்பிண்டில் மூக்கில் வைத்து, ஒரு கட்டையால் மேலே நெம்பிப் பார். முள் எவ்வளவு ஆடுகிறது? நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை பேரிங் மூடியிலும் கைப்பிடியைக் காதோரத்திலும் வைத்து, இன்னொருவரை ஸ்பிண்டிலைச் சுற்றச் சொல். சத்தம் சீராக, அசைவு நூலளவும் இல்லாமல் இருந்தால் அந்த பேரிங்கைத் தொடாதே. கழற்றும் அடியிலேயே நல்ல பேரிங் கெட்டுப்போகும்.

மாற்றியே ஆகவேண்டும் என்றால் பேரிங்கின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து அதே எண்ணை, பெயருள்ள கம்பெனி சரக்காக வாங்கு. உள்வளையம் ஸ்பிண்டிலில் இறுக்கமாக உட்காருவதால் உள்வளையத்தில் மட்டும் அழுத்தம் கொடுக்கவேண்டும். வெளிவளையத்தில் தட்டினால் அந்த விசை குண்டுகள் வழியாகப் போய் ஓடுபாதையில் பள்ளம் போட்டுவிடும். புது பேரிங் முதல் நாளே முனகும். ஸ்பிண்டிலை ராத்திரி ஃப்ரீசரில் வைத்துவிட்டு, பேரிங்கைச் சுமார் 100 டிகிரிக்குச் சூடாக்கினால் சுத்தியலே வேண்டாம், தானாக இறங்கும். சீல் வைத்த பேரிங் என்றால் அந்தச் சூட்டைத் தாண்டாதே. உள்ளிருக்கும் கிரீஸ் கெடும். இன்னொன்று: புல்லி இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவே இருப்பதால், முழு வளையமான பெல்ட்டை மாற்ற ஸ்பிண்டிலையே வெளியே எடுக்கவேண்டும். ஸ்பிண்டிலை எடுத்த அன்றே புது பெல்ட்டையும் கோத்துவிடு. பேரிங்கைத் தொடாமல் பெல்ட்டை மட்டும் மாற்றுவதானால் கண்ணி கண்ணியாகக் கோக்கும் லிங்க் பெல்ட் இருக்கிறது.

டேப்பர் துளைக்குள் டார்ச் அடித்துப் பார். சென்டர் வழுக்கிச் சுற்றியிருந்தால் உள்ளே வளையம் வளையமாகக் கீறல் இருக்கும். சென்டரில் மெல்லிசாக நீலம் பூசி உள்ளே அழுத்தி எடுத்தால், எங்கே தொடுகிறது என்று தெரிந்துவிடும், ஊரில் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்த யாருக்கும் இது கைப்பழக்கம். மேடு இருந்தால் அந்த அளவு மோர்ஸ் ரீமரைக் கையால் மெதுவாக ஒரு சுற்று விடு. மேட்டை மட்டும் எடுத்தால் போதும்.

மோட்டாருக்கு வருவோம். பள்ளியில் 415 வோல்ட் மூன்று ஃபேஸ் இருந்திருக்கும். உன் வீட்டில் 230 வோல்ட் ஒற்றை ஃபேஸ். மோட்டாரையே மாற்றிவிடலாம் என்று பலர் சொல்வார்கள். நான் பழைய மோட்டாரை வைத்துக்கொண்டு இன்வெர்ட்டர் போடச் சொல்வேன். மூன்று ஃபேஸ் மோட்டாரின் சீரான ஓட்டம் கடைந்த முகத்திலேயே தெரியும். சாதாரண இன்வெர்ட்டர் 230 வோல்ட் ஒற்றை ஃபேஸை வாங்கி 230 வோல்ட் மூன்று ஃபேஸாகத் தரும். ஸ்டார் இணைப்பில் 415 வோல்ட் கொடுக்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் போய்ச் சேர்வது 240 வோல்ட்தான். அதே சுற்றுகளை டெல்டாவாக இணைத்தால் 230 வோல்ட்டே போதும். ஆகவே மோட்டாரின் டெர்மினல் பெட்டியைத் திற. ஆறு முனைகள் இருந்தால் தகடுகளை மாற்றிப் போட்டு டெல்டாவாக்கிவிடலாம். மூன்றே முனை இருந்தால் ஸ்டார் புள்ளி சுற்றுக்குள்ளேயே வார்னிஷுக்கு அடியில் கட்டிக் கிடக்கிறது; மோட்டார் ரீவைண்டிங் செய்பவரிடம் கொடுத்தால் அதைத் தேடிப் பிரித்து ஆறு முனையாக வெளியே எடுத்துத் தருவார். இன்வெர்ட்டருக்கும் மோட்டாருக்கும் நடுவே பழைய ஸ்விட்சை வைக்காதே. ஓடிக்கொண்டிருக்கும்போது அதை அணைத்தால் இன்வெர்ட்டர் கருகிவிடலாம். ஓட்டவும் நிறுத்தவும் இன்வெர்ட்டரின் கட்டுப்பாட்டு முனைகளில் இணைத்த பட்டன்கள்தான். எர்த்தையும் வயரிங்கையும் தகுதியுள்ள எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் காட்டிவிடு.

இன்வெர்ட்டர் இருக்கிறது என்று புல்லியை மறந்துவிடாதே. கிராஜுவேட்டின் நாலு வேகங்கள் 425, 790, 1330, 2250. பெரிய மாற்றத்துக்கு பெல்ட்டை நகர்த்து, சின்ன மாற்றத்துக்கு மட்டும் இன்வெர்ட்டர். ஹெர்ட்ஸைக் குறைத்தால் மோட்டாரின் விசிறியும் மெதுவாகச் சுற்றும்; நெடுநேரம் அப்படி ஓட்டினால் மோட்டார் சூடேறும். பெல்ட்டை இறக்கிப் போட்டால்தான் மெதுவான வேகத்தில் இழுப்பும் கிடைக்கும்.

சுத்தம் செய்வதில் இரண்டு எச்சரிக்கை. அந்தக் கால பெயின்டில் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்க்காதே, நனைத்துச் சுரண்டு, பி3 முகமூடி போடு, குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதே. சின்னச் சாமான்களின் துருவைச் சலவைச் சோடாக் கரைசலில் மின்சாரம் விட்டு எடுப்பதானால், நேர்முனையில் சாதா இரும்பைத் தொங்கவிடு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைத்தால் நச்சான குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வருவதால் வெட்டவெளியில் செய். பெட்டின்மேல் இருக்கும் பழுப்பு ஏடு பெரும்பாலும் பல வருடப் பசையும் வார்னிஷும்தான். ஸ்பிரிட் ஊற்றி ஊறவிட்டு, பிளேடைப் படுக்கவைத்துச் சுரண்டினால் ஏடு ஏடாக வரும், அடியில் கம்பெனி போட்ட கிரைண்டிங் கோடுகள் அப்படியே இருக்கும். அதோடு நிறுத்து. மெழுகு தடவிவிடு.

முதல் ஓட்டம் வெறும் ஸ்பிண்டிலாக, குறைந்த வேகத்தில் இருக்கட்டும். அரை மணி கழித்து பேரிங் மூடியில் கை வை. வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்து. பிறகு மரம். விட்டத்தை அங்குலத்தில் எடுத்து வேகத்தால் பெருக்கினால் 6000க்கும் 9000க்கும் நடுவே வரவேண்டும் என்பது கடைசல்காரர்களின் கணக்கு. வெளிப்பக்கத்தில் 18 அங்குலக் கிண்ணம் போட்டால் 425லேயே 7650 ஆகிவிடுகிறது. அதுவும் மரம் வட்டமான பிறகு. கோடாலி போட்ட கட்டையை அந்த வேகத்தில் ஆரம்பிக்கக்கூடாது. 25 ஹெர்ட்ஸில் வைத்தால் சுமார் 212 சுற்று, அங்கிருந்து தொடங்கு. முழு முகக்கவசம் போட்டுக்கொள், கையுறை வேண்டாம், ஸ்விட்சைப் போடும்போது கட்டைக்கு நேரே நிற்காதே. இன்வெர்ட்டரில் நிறுத்தும் நேரத்தை நீளமாக வை. சட்டென்று பிரேக் போட்டால் கனமான சக் தன் வேகத்தில் மரையிலிருந்து கழன்று வந்துவிடும்.

மரை என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்த ஸ்பிண்டிலின் மூக்கு 1½ அங்குலம், அங்குலத்துக்கு 6 மரை; வெளிப்பக்கம் இடது மரை. கடையில் எளிதாகக் கிடைக்கும் 33 மில்லிமீட்டர் சக் இதில் ஏறாது. இன்சர்ட் மாற்றக்கூடிய சக்காகப் பார்த்து வாங்கு. இடது மரை ஃபேஸ்பிளேட் தனியாகக் கிடைப்பது லேத் கிடைப்பதைவிடக் கஷ்டம். லேத்தோடு எத்தனை ஃபேஸ்பிளேட் வந்தன என்று நீ எழுதவே இல்லை. அந்தக் கூடத்தை இன்னும் முழுதாகக் காலி செய்திருக்க மாட்டார்கள். நாளைக் காலையிலேயே போன் செய்து, லேத் நின்ற இடத்துக்குப் பக்கத்து அலமாரிகளைப் பார்க்க விடுவார்களா என்று கேள்; இரும்புக் கடைக்காரன் வருவதற்குள் போய்ச் சேர்.

அன்புடன்,
உன் அண்ணன்