நடக்கும் ஓவியம்

நுழையும்முன்

சுவரில் தொங்கும் ஓவியம் அசைவதில்லை. காலணியில் தீட்டிய ஓவியமோ ஒவ்வோர் அடியிலும் வளைகிறது, மழையில் நனைகிறது, புழுதியில் தோய்கிறது. அத்தகைய பரப்பில் வண்ணத்தை நிலைபெறச் செய்யும் முறையைத் தொடக்கநிலையினருக்கு விளக்குகிறது இப்பாடம்.

பெயரும் பின்னணியும்

ரப்பர் அடிப்பகுதி கொண்ட காலணியை ஸ்னீக்கர் என்பர். ஓசையின்றிப் பதுங்கிச் செல்வதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது. ரப்பரைக் கந்தகத்துடன் சூடேற்றி வலுவூட்டும் முறைக்குச் சார்லஸ் குட்இயர் 1844ஆம் ஆண்டு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். வெயிலில் இளகாமலும் குளிரில் வெடிக்காமலும் இருக்கும் ரப்பர் அடிப்பகுதிகள் இம்முறையால் உருவாயின. ஆலைகளில் ஒன்றுபோல் உருவாகும் இக்காலணியைத் தமக்கே உரியதாக மாற்ற விழைந்தோர் தூரிகையைக் கையிலெடுத்தனர்.

பரப்பை ஆயத்தப்படுத்துதல்

தொடக்கநிலையினர் பலர் முதலில் படத்தையே எண்ணுகின்றனர். ஆனால், படத்தின் ஆயுளை முடிவு செய்வது அதன் அடியிலுள்ள பரப்பு ஆகும். புதிய தோல் காலணியின்மீது ஆலையிலேயே பூசப்பட்ட மெல்லிய காப்புப் படலம் உண்டு. அதன்மேல் தீட்டிய வண்ணம் சில நாள்களில் உரிந்துவிடும். எனவே, கயிறுகளைக் கழற்றி, அழுக்கைத் துடைத்தபின், பஞ்சில் சிறிதளவு அசிட்டோன் தோய்த்து அப்படலத்தை நீக்க வேண்டும். பளபளப்பு மறைவதே படலம் நீங்கியதற்கு அடையாளம். நெகிழிப் பகுதிகளை அசிட்டோன் கரைக்கக்கூடும். ஆதலால், அவற்றின்மீது அது படக்கூடாது. துணிக் காலணிக்கு அசிட்டோன் தேவையில்லை. துவைத்து உலர்த்தினால் போதும்.

> தெரிந்து தெளிவோம்
> அசிட்டோன் ஏறத்தாழ 56 டிகிரி செல்சியசில் கொதிக்கும், அறை வெப்பநிலையிலேயே விரைந்து ஆவியாகும், எளிதில் தீப்பற்றும். காற்றோட்டமான இடத்தில், கையுறை அணிந்து, அடுப்பு, விளக்கு முதலியவற்றுக்கு அப்பால் வைத்தே இதனைக் கையாள வேண்டும்.

வண்ணத்தின் இயல்பு

தோலுக்கென உருவாக்கப்பட்ட அக்ரிலிக் வண்ணத்தில் நுண்ணிய பாலிமர் துகள்கள் நீரில் மிதக்கின்றன. நீர் ஆவியாகும்போது துகள்கள் நெருங்கி ஒன்றோடொன்று இணைந்து வளையும் தன்மையுள்ள படலமாகின்றன. காகிதத்திற்கும் பலகைக்கும் உரிய வண்ணம் இந்த அளவு வளைவதில்லை. விரல்கள் மடங்கும் இடத்தில் அது வெடித்துவிடும். துணியில் தீட்டுவோர் துணிக்குரிய வண்ணத்தையே தேர்ந்தெடுத்தல் நன்று.

மெல்லிய பூச்சுகள்

காலணியின் உள்ளே காகிதத்தைத் திணித்தால் மடிப்புகள் விரியும். வண்ணம் படக்கூடாத பகுதிகளைக் காகித ஒட்டுநாடாவால் மறைத்து, படத்தின் எல்லைகளைப் பென்சிலால் மெல்ல வரைந்துகொள்ளலாம். கரிய பரப்பில் மஞ்சள் முதலிய வெளிர் வண்ணங்கள் துலங்க, முதலில் வெண்ணிறம் பூச வேண்டும்.

முதற்பூச்சில் அடிப்பரப்பு தெரிவது இயல்பே. அதனை மறைக்கத் தடிப்பாகப் பூசினால், மேற்புறம் உலர்ந்தும் உட்புறம் ஈரமாகவே இருக்கும். பின்னர் சுருங்கி வெடிக்கும். மெல்லிய பூச்சுகள் பலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக, ஒவ்வொன்றும் உலர்ந்தபின் இடுவதே முறை. இக்கலையில் கைத்திறனைவிடக் காத்திருத்தல் கடினமானது.

காத்தல்

வண்ணம் முழுவதும் உலர்ந்தபின், தோலுக்குரிய பாதுகாப்புப் பூச்சை மெல்லிதாகப் பூச வேண்டும். ஒரு நாளேனும் கடந்த பின்னரே அணிதல் வேண்டும். அழுக்கு படிந்தால் ஈரத்துணியால் துடைக்கலாம், ஊறவைத்தல் ஆகாது.

முதல் முயற்சிக்குப் பழைய காலணியே ஏற்றது. பிழை நேர்ந்தாலும் இழப்பில்லை. சரியாக அமைந்தாலோ, நிறம் மங்கியதனால் மட்டுமே ஒதுக்கப்பட்ட காலணி மீண்டும் தெருவில் நடக்கும்.

கற்பவை கற்றபின்...

1. ஒரு தடித்த பூச்சைவிடப் பல மெல்லிய பூச்சுகள் சிறந்தவை ஏன் என்பதை விளக்குக.
2. உங்கள் ஊரின் அடையாளம் ஒன்றைக் காலணியில் தீட்டுவதற்கேற்ற எளிய கோட்டோவியமாக வரைக.